ஒத்தனுக்கு மூன்று கொட்டேஷன்

“ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போறதுக்கு ரெண்டாயிரம் ரூபாயா?”

ஜெயராமன் போட்ட சத்தத்தில் கனபாடிகள் கையிலிருந்த தர்ப்பைக்கட்டு நழுவித் தரையில் விழுந்தது. மனைவி காமாக்ஷி போய் அன்றைக்கு மூன்றாம் நாள். அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த ஈர வேஷ்டிகூட ஜெயராமன் இடுப்பில் இன்னும் காயவில்லை. அதற்குள் பேரம் ஆரம்பித்தாகிவிட்டது.

“சத்தம் போடாதேயும் ஓய்,” என்றார் கனபாடிகள். “பதினோராம் நாள் செத்தவா ஸ்தானத்துல ஒருத்தன் இலையில உட்கார்ந்து சாப்பிடணும். ஒத்தன்னு பேர். சாப்பிட்டு எழுந்து திரும்பிப் பாக்காமப் போகணும். அப்புறம் அவனை ஒரு கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்குக் கூப்பிடுவேளா? எதிர்ல வந்தாலே தெருவை மாத்திண்டு போவேள். இந்தக் காலத்துல யார் வருவா? மயிலாப்பூரைச் சல்லடை போட்டுச் சலிச்சாலும் ஆள் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.”

“ஆள் கிடைக்கலேங்கறதுக்காக ரேட்டு வானத்துக்கா போகும்?”

“ஆளே வேண்டாம்னா அதுக்கும் சாஸ்திரத்துல இடம் இருக்கு. அன்னத்தை அக்னியில ஹோமமாப் பண்ணிடலாம். செலவு நெய்யோட போச்சு.”

ஜெயராமன் கீழே கிடந்த தர்ப்பைக்கட்டை எடுத்துக் கனபாடிகள் கையில் கொடுத்தார்.

“வேண்டாம்,” என்றார். “அவளை ஒரு தடவை நெருப்புல வெச்சது போதும். கடைசி மூணு மாசம் கஞ்சித் தண்ணிகூட அவளுக்கு உள்ளே இறங்கலை. ஒரு மனுஷன் உட்கார்ந்து, வாயால, வயிறு நிறையச் சாப்பிடணும்.”

“அப்போ ரெண்டாயிரம்.”

“அது அநியாயம்!”

ஜெயராமனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நந்தனத்தில் ஒரு சர்க்கார் ஆபீசின் தணிக்கைப் பிரிவில் ஆயுசு முழுக்க உட்கார்ந்து, ஒப்பந்தக்காரர்களின் நாள்கூலி பில்களைப் பென்சிலால் குத்திக் கிழித்து ரிடையர் ஆனவர். கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு, மழை பெய்த நாளுக்குப் பாதி. அதற்கு மேல் ஒரு ரூபாய் போட்டிருந்தால் மனுஷனுக்கு ராத்திரி தூக்கம் வராது. தன் கல்யாணத்திலேயே நாதஸ்வரக்காரரிடம், “முகூர்த்தத்துக்கு அரை நாள்தானே வாசிச்சேள், முழு நாள் ரேட் எப்படி?” என்று கேட்ட புண்ணியவான். பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருந்த காமாக்ஷி அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தவள்தான். குழந்தை குட்டி இல்லை. அவர் ரேட் பேச, அவள் சிரிக்க, அப்படியே காலம் போய்விட்டது.

அவள் போன அன்றும் அவருக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அமரர் வண்டிக்காரனிடம், மயிலாப்பூர் மயானத்துக்குக் கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோட்டூர்புரத்திலிருந்து வந்திருந்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“கட்டினவ கட்டையில போறா, இவன் கணக்குப் பாக்கறான். கல்லுடா நீ, கல்லு!”

கல் வண்டிக்காரனிடம் ரசீது கேட்டு வாங்கியது.

கனபாடிகளிடம் முட்டிக்கொண்ட அன்றைக்கு மத்தியானமே ஜெயராமனுக்கு ஒரு யோசனை வந்தது. ஆபீசில் எந்த வேலைக்கும் மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு பைசா நகராது. இதற்கு மட்டும் ஏன் ஒரே ஆள் சொன்ன ரேட்? தெற்கு மாட வீதியில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் ஜவஹரிடம் போய் விசாரித்தார். “ஆள் இருக்கு சார், ஆயிரத்து எண்ணூறு ஆவும்” என்றான் ஜவஹர். திவசச் சமையல்காரரைக் கேட்டார். “நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார் அண்ணா, ஆயிரத்து எழுநூத்தம்பதுன்னா வருவார்” என்றார் அவர். ஆஹா! போட்டி என்று வந்தால் ரேட் தானாக இறங்குகிறது பார்!

ஆளை நேரில் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பது தணிக்கையின் பாலபாடம். எனவே மூன்று ஒத்தன்களையும் மறுநாள் வீட்டுக்கு வரச் சொல்லியனுப்பினார். ஒருவர் காலையில், ஒருவர் பத்து மணிக்கு, ஒருவர் உச்சிப்பொழுதில்.

காலையில் கனபாடிகளின் ஆள் வந்தார். ஐம்பது வயசிருக்கும். ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறவர் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாத ஒல்லி. பெயர் அம்பி. ஜெயராமன் பேர், ஊர், அனுபவம் எல்லாம் விசாரித்து, “யோசிச்சுச் சொல்றேன்” என்று அனுப்பினார்.

பத்து மணிக்கு ஜவஹரின் ஆள் வந்தார். அதே ஒல்லி. அதே காவியேறிய அங்கவஸ்திரம்.

“நீங்க காலைல வந்தவர்தானே?”

“ஆமாம். காலைல கனபாடிகள் ஆளா வந்தேன். இப்போ ஜவஹர் ஆளா வந்திருக்கேன்.”

“அப்போ பன்னெண்டு மணிக்கு வரப்போறது?”

“அதுவும் நான்தான். நீங்க பெரிய மனசு பண்ணினேள்னா இப்படியே நிழல்ல உட்கார்ந்துண்டுடறேன். வெயில்ல திரும்பத் திரும்ப நடக்க வேண்டாம் பாருங்கோ.”

ஜெயராமனுக்கு ரத்தம் தலைக்கேறியது. இருப்பதே ஒரு ஆள். அவருக்கு மூன்று தரகர்கள்! ஆபீசாக இருந்தால் மூன்று பேரையும் கறுப்புப் பட்டியலில் போட்டிருப்பார்.

“சரி, தரகர் யாரும் வேண்டாம். நேரா உங்களோட பேசறேன். உங்க சொந்த ரேட் என்ன?”

அம்பி விரல் விட்டு எண்ணினார். “ரெண்டாயிரத்து இருநூறு.”

“என்னய்யா இது! தரகு போனா ரேட் குறையணும். ஏறுமா?”

“அந்த மூணு பேரையும் தாண்டி வந்தேன்னு தெரிஞ்சா அடுத்த சாவுக்கு யார் என்னைக் கூப்பிடுவா மாமா? அந்த நஷ்டத்தை யார் தலையில கட்டறது?” என்ற அம்பி எழுந்து அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டார். “சித்திரக்குளத்துக்குப் பின்னால ஒண்டுக்குடித்தன ஸ்டோர்ல கடைசி ரூம். நாளைக்கு வாங்கோ, பேசிக்கலாம்.”

விஷயம் சாயங்காலத்துக்குள் மாட வீதி முழுக்கப் பரவிவிட்டது. கனபாடிகள், “என்னைத் தாண்டிப் போனேளோன்னோ, இனிமே ஆள் உங்க பொறுப்பு. மந்திரம் மட்டும்தான் என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார். சமையல்காரர், “ஒத்தன் நிச்சயமாகாம நான் அடுப்பு மூட்ட மாட்டேன்” என்றார். ஜவஹர் கடைக்குப் போனால் ஜவஹர் கண்ணை மூடிக்கொண்டு ஊதுவத்திக் கட்டுகளை எண்ணினான்.

வீட்டில் ஒரே ஒரு ஜீவன்தான் ஜெயராமன் பக்கம். பாத்திரம் தேய்க்கும் சரோஜாதேவி. நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறவள், காமாக்ஷியோடு பல வருஷப் பழக்கம்.

“உடாத சார்! ரெண்டாயிரம் இன்னா துட்டா, தண்ணியா? பேசிக் கொறை. தெனம் போ. போய் குந்திக்கினு பேசு.”

அக்கா அவளை முறைத்தாள். ஜெயராமனுக்கு மட்டும் யானை பலம் வந்தது.

அன்றே மாடிக் குடித்தனக்காரன் பரத்வாஜைப் பிடித்தார். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டருக்கெல்லாம் தேதி குழம்பிவிடுமாம். அதைச் சரிபண்ணக் கம்பெனி கம்பெனியாக நாள் கணக்கில் வேலைக்குப் போகிற பையன் அவன். அவனுக்கு நாளைக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. எனவே அவனிடம் நியாயம் கேட்டார்.

“மாமா, நீங்க தப்பாக் கணக்குப் போடறேள்,” என்றான் பரத்வாஜ். “ஃப்ரீலான்ஸ் ஆளுக்கு வேலை இல்லாத நாளுக்கும் சேர்த்துத்தான் ரேட். லீவு கிடையாது, பி.எஃப். கிடையாது. இந்த மாமாவுக்கு மாசத்துல எத்தனை சாவு கிடைக்கும்?”

“நாலு, அஞ்சு இருக்கும்.”

“வயித்துக் கோளாறு வந்தா அந்த நாளும் போச்சு. ஊருக்கே ஒரே ஆள், போட்டியே இல்லை. என்னைக் கேட்டா அவர் மூவாயிரம் கேட்டாலும் நியாயம்தான். நானா இருந்தா நாலு கேட்பேன்.”

“வாயைக் கழுவுடா,” என்று சொல்லிவிட்டு ஜெயராமன் கீழே இறங்கினார். வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. அநியாயம் என்று நினைத்திருந்த ரேட், இப்போது நியாயம் போலவும் கண்ணுக்குத் தெரிந்து தொலைத்தது.

ஆனாலும் விடுவாரா! மறுநாள் விடிந்ததும் குளத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு சித்திரக்குளத்துக்கு நடந்தார். தீட்டுக்காரன் ஒரு வீட்டுக்குப் போகலாமா என்று வாசலில் தயங்கினார்.

“வாங்கோ, வாங்கோ! தீட்டுக்காரா வந்தாத்தானே எனக்குச் சோறு,” என்று அம்பி பாயை விரித்தார்.

“கொத்தனாருக்கு நாள் முழுக்க வெயில்ல நின்னா நூத்தம்பது. உமக்கு நிழல்ல ஒரு மணி நேரம்.”

“கொத்தனார் வீட்டுக்குப் போனா அவன் பொண்டாட்டி சிரிச்ச முகமா சோறு போடுவா. என் பொண்டாட்டி அன்னிக்கு என்கிட்ட முகம் குடுத்தே பேச மாட்டா. அதுக்கு என்ன ரேட் மாமா?”

ஜெயராமனிடம் அதற்கு ரேட் இல்லை. இருந்தாலும் பேசினார். அம்பியும் பேசினார். முடிவில் இருபத்தைந்து ரூபாய் குறைந்தது.

“நாளைக்கு வாங்கோ, பேசிக்கலாம்.”

இப்படித் தினமும். தினமும் இருபத்தைந்து ரூபாய். முருங்கை மரத்து வேதாளம் மாதிரி, பிடிப்பதும் நழுவுவதுமாக ஏழாம் நாள் வரைக்கும் வந்தாயிற்று. ராத்திரியில் படுத்தால் மறுநாள் என்ன சொல்லி மடக்கலாம் என்ற யோசனை. பக்கத்துப் பாய் காலியாகக் கிடப்பதைப் பார்க்கப் பொழுதில்லை.

ஏழாம் நாள் அம்பி ஒரு புது வழி சொன்னார்.

“மாமி எப்படிச் சாப்பிடுவா? நிறையவா, கொறிக்கிற வழக்கமா? கொறிக்கிறவாளா இருந்தா எனக்கும் சிரமம் குறைச்சல். ரேட்டுல பாத்துப் போட்டுக்கலாம். என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது, அதையும் சொல்லிடுங்கோ.”

ஜெயராமன் வாயைத் திறந்தார். காமாக்ஷி என்ன சாப்பிடுவாள்? அவர் சாப்பிட்டு எழுந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பேப்பரோடு வராந்தாவுக்குப் போன பிறகுதான் அவள் உட்காருவாள். அவள் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. ஊரான் வீட்டுச் சித்தாள் எத்தனை சட்டி மண் சுமந்தாள் என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தன் வீட்டு இலையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தார்.

“சரோஜா, அம்மா என்ன சாப்பிடுவா?”

“நீ மிச்சம் வெச்சத.”

“அதில்லை. என்ன பிடிக்கும்?”

சரோஜாதேவி தேய்த்துக்கொண்டிருந்த குண்டானைக் கீழே வைத்தாள். “பாவக்கான்னா உசுரு அதுக்கு. நீதான் கசப்பு வாடையே ஆவாதுன்னுட்ட. இந்த ஊட்ல என்னிக்கு பாவக்கா வாங்கிக்கீது, சொல்லு பாப்போம்?”

ஜெயராமன் கொல்லைப்பக்கம் போய்ச் சும்மா நின்றார். அழுகை வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் சரோஜா பின்னாலேயே வந்து, “அந்தாளு இன்னிக்கு எவ்ளோ கொறைச்சாரு?” என்று கேட்டாள். கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது. அழுகை வந்த வழியே போய்விட்டது.

ஒன்பதாம் நாள் அவருக்குப் பொறுமை போயிற்று. மாம்பலத்தில் வாத்தியார்கள் தெருவுக்குத் தெரு என்று யாரோ சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனார். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் முட்டி மோதி, ரயில்வே பாலம் தாண்டி, நாலு பேரைக் கேட்டு, ஐந்தாவதாக ஒரு குண்டு மனிதரைக் கண்டுபிடித்தார். அறுநூறு ரூபாய்! ஒரே வார்த்தை. பேரமே இல்லை. ஜெயராமனுக்குக் கொஞ்சம் சப்பென்றுகூட இருந்தது. திரும்பும்போது சித்திரக்குளத்தில் இறங்கி, அம்பியிடம் தலை நிமிர்ந்து சொன்னார்.

“உம்ம ரேட் உம்மோட இருக்கட்டும். எனக்கு மாம்பலத்துல ஆள் கிடைச்சாச்சு.”

அம்பியின் முகம் என்னவோ போலாயிற்று. “நல்ல ஆளா மாமா? கடைசி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுவாரா?” என்று மட்டும் கேட்டார்.

பத்தாம் நாள் சாயங்காலம். சொந்தக்காரர்கள் எல்லாம் அழுது முடித்துக் காபி குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மாம்பலத்திலிருந்து மாடி வீட்டுக்குப் போன் வந்தது. பரத்வாஜ் இறங்கி வந்து சொன்னான்.

“மாமா, நாளைக்கு அவர் வரலையாம். அடையாறுல ஒரு பெரிய இடமாம். மூவாயிரம் தராளாம்.”

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை! கனபாடிகள் மெள்ள, “பாதகமில்லை, ஹோமமாப் பண்ணிடலாம்” என்றார்.

“கூடாது!” என்று ஜெயராமன் கத்திய கத்தலில் அக்கா கையிலிருந்த டம்ளர் உருண்டது. “அவ பசியோட போனா ஓய்! மூணு மாசப் பசி!”

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். மாட வீதியில் பூக்காரிகளும் சைக்கிள்களும் விலக, மொட்டைத் தலையும் துண்டுமாக அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். அம்பி ரூம் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“அம்பி, நீ கேட்ட ரெண்டாயிரத்து இருநூறே தரேன். இல்லை, மூவாயிரம் தரேன். பேரம் கிடையாது. நாளைக்கு வந்து அவளுக்காக உட்காரு. வயிறு நிறையச் சாப்பிடு. உன் காலைத் தொட்டுக் கேட்டுக்கறேன்.”

ஆயுசிலேயே முதல் தடவையாக ஒருவர் கேட்டதற்கு மேலே தருகிறேன் என்று சொன்னார் ஜெயராமன். அதில் அவருக்கு வெட்கம்கூட இல்லை.

அம்பி அவரைத் தூக்கி நிறுத்தினார். “எழுநூறு குடுங்கோ மாமா, போதும்.”

“என்னது?”

“எழுநூறு. வரேன். போய்ப் படுங்கோ.”

திரும்பி வருகிற வழியெல்லாம் ஜெயராமனுக்கு ஒரே குழப்பம். இருபத்தைந்து, இருபத்தைந்தாக இறங்கிய மனுஷன் மூவாயிரம் என்றதும் எழுநூறுக்கு ஏன் குதிக்கிறான்? குறைந்த ரேட் என்றாலே சந்தேகப்படச் சொல்லிக் கொடுத்த தணிக்கை மூளை விடவில்லை. பாதி இலையில் எழுந்து நின்று கூடக் கேட்பானோ? அந்த வழக்கம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். ‘திருப்தி’ என்று ஒத்தன் வாயால் சொன்னால்தான் போனவருக்குத் திருப்தி. அதைச் சொல்லாமல் மடக்கிக் காசு பறிக்கிறவர்கள் இருக்கிறார்களாம்.

பதினோராம் நாள். அம்பி குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். காமாக்ஷியின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி, கனபாடிகள் அந்த ஒல்லி மனிதரைக் காமாக்ஷி ஆக்கினார். எழுநூறு ரூபாயைக் கவரில் போட்டுத் தட்சிணையாகக் கொடுத்தாயிற்று. இலையில் பாகற்காய்க் கறி விழுந்தது. வீட்டில் முதல் தடவையாக அந்த வாடை. ஜெயராமன் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. எதிரிலேயே உட்கார்ந்து, ஒரு கவளம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பி பாகற்காயை மறுபடி கேட்டு வாங்கினார். இன்னொரு தடவையும் வாங்கினார். சாதத்தை வழித்துச் சாப்பிட்டார்.

“திருப்தியான்னு கேளும்,” என்றார் கனபாடிகள்.

ஜெயராமன் கை கூப்பிக் கேட்டார். “திருப்தியா?”

அம்பி பதில் சொல்லவில்லை. இலையைப் பார்த்தபடி இருந்தார். வந்தது வினை என்று ஜெயராமன் மடியிலிருந்த மிச்சப் பணத்தைத் தொட்டுப் பார்த்தார். அம்பி அவரை நிமிர்ந்து பார்த்து, நிதானமாகச் சொன்னார்.

“திருப்தி. ரொம்பத் திருப்தி.”

எழுந்தார். கை அலம்பினார். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

ஜெயராமன் கூடத்துக்கு வந்து காமாக்ஷி படத்துக்கு முன்னால் நின்றார். எத்தனையோ பில்களை வெட்டியிருக்கிறார், இப்படி வெட்டியதில்லை.

“காமு, ரெண்டாயிரத்து இருநூறு கேட்டான். எழுநூறுக்கு முடிச்சேன்,” என்றார். பெருமையாகச் சொல்ல நினைத்ததுதான். குரல் நடுவில் உடைந்துவிட்டது. இனி நாளைக்குப் போய்ப் பேச யாரும் இல்லை.

அப்போது சரோஜாதேவி வாசல் பக்கமாக உள்ளே வந்தாள். கையில் அந்தக் கவர்.

“இந்தா சார். அந்தாளு தெருமுனையாண்ட என் கையில குடுத்துட்டுப் போறாரு.”

“ஏன்? போதலையாமா?”

“அம்மா குடுத்த முந்நூறே போதுமாம்.”

“எந்த அம்மா?”

“இன்னா சார், நம்ம அம்மாதான். நீ பென்ஷன் வாங்கப் போன அன்னிக்கு, அந்தாள இட்டாறச் சொல்லி என்னை அனுப்பிச்சு. படுத்த படுக்கையில பேசி முடிச்சு, துட்டையும் அப்பவே குடுத்துடுச்சு.”

முந்நூறு! ஜெயராமன் கவரைப் பிரித்து எழுநூறையும் எண்ணினார். “அப்போ அவன் ஏன் என்கிட்ட ரெண்டாயிரத்து இருநூறுன்னு ஆரம்பிச்சான்?”

சரோஜாதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மாதான் சார் ஏத்திச் சொல்லச் சொல்லிச்சு: ‘பத்து நாளும் அவுரு பேரம் பேசிக்கினு திரியட்டும், சும்மா குந்திக்கினா என்னை நெனைச்சு அழுதே செத்துருவாரு’ன்னு.”